12,999 ரூபாய் போனில் அப்பாவின் தோல் பைக்கடை: 15 மாதத்துக்குப் பிறகு

இந்த போனை வாங்கியது 2024 அக்டோபரில், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தபோது. மும்பை தாராவியில் 90 அடி ரோட்டில் ஒரு மொபைல் கடை, விலை 12,999 ரூபாய். 6 ஜிபி ராம், 128 ஜிபி ஸ்டோரேஜ், 5000 எம்ஏஎச் பேட்டரி, பின்பக்கம் 50 மெகாபிக்சல் கேமரா. பெட்டியில் சார்ஜர் கிடையாது, அதற்குத் தனியாக 900 ரூபாய். கம்பெனி பெயரை நான் எழுதவில்லை. இந்த மாடல் இப்போது எந்தக் கடையிலும் இல்லை, அதன் தம்பியும் வந்து போய்விட்டது. இந்த விலையில் வருகிற போன்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே குணம்தான். அந்தக் குணத்தை வீட்டிலிருந்து வியாபாரம் செய்கிறவள் பார்வையில் சொன்னால் அடுத்து வாங்குகிறவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

வாங்கியதே கடை நடத்தத்தான். அப்பா நாற்பது வருடமாகத் தாராவியில் தோல் பை தைக்கிறார். பெரும்பாலும் காண்ட்ராக்டர் கொடுக்கும் வேலை. ஒரு பைக்கு இவ்வளவு என்று கூலி, பையின் மேல் வேறு யாருடைய பெயரோ இருக்கும். சயான்-பாந்த்ரா லிங்க் ரோட்டில் தோல் கடைகளைத் தாண்டிப் போகும்போது கண்ணாடிக்குள் தொங்கும் பைகளில் எது தன் கையால் தைத்தது என்று அப்பா சரியாகச் சொல்லிவிடுவார். கைப்பிடி சேரும் இடத்தில் அவர் போடும் தையலின் திருப்பம் அவருக்குத் தெரியும். 2,500 ரூபாய் விலை ஒட்டிய பைக்கு அவருக்குக் கிடைத்த கூலி 180 ரூபாய். அதைக் கேட்ட அன்றைக்குத்தான் நேரடியாக விற்றுப் பார்ப்போம் என்று முடிவெடுத்தேன். கடை பிடிக்க முன்பணம் இல்லை. லேபர் கேம்பில் எங்கள் வீடு கீழே 150 சதுர அடி, மேலே ஏணி வைத்த மாளா, அதாவது மச்சு. கீழே தையல் மிஷின், மேலே கடை. கடை என்றால் ஒரு மேஜை, ஒரு வெள்ளைச் சார்ட், இந்த போன்.

முதல் மாதம் 11 ஆர்டர். அதில் 4 திரும்பி வந்துவிட்டன. நான்கு பேரும் வேறு வேறு ஊர், ஆனால் எழுதியது ஒரே விஷயம்: போட்டோவில் வேறு நிறம், கையில் வேறு நிறம். தையலைப் பற்றியோ தோலைப் பற்றியோ யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. நாற்பது வருடக் கைவேலைக்கு வராத புகார் என் போட்டோவுக்கு வந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் காலையில் அப்பாவிடம் போனை நீட்டினேன். அவர் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "ஏ பிள்ள, இது நம்ம தோலு இல்லலா" என்றார்.

"யப்பா, நேத்து நீங்க தச்சதுதான் இது."

"நான் தச்சது கருப்பட்டி நெறம். இது என்னமோ கேசரி மாதிரி இருக்கு."

அப்புறம்தான் உட்கார்ந்து கவனித்தேன். கேமராவைப் பையின் மேல் வைத்ததும் திரையின் ஓரத்தில் சின்னதாக முள்கரண்டியும் கத்தியும் வந்தது. இத்தனை நாள் அதைப் பார்த்தும் கண்டுகொள்ளாமல் இருந்திருக்கிறேன். போன் அந்தப் பையைச் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது! பழுப்பு நிறம், லேசான பளபளப்பு, மேஜை மேல் வைத்த பொருள். உடனே சாப்பாட்டுக்கு உரிய மாதிரி சிவப்பையும் மஞ்சளையும் ஏற்றிவிடுகிறது. ஏஐ கேமரா என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது இதைத்தான். குழந்தையின் பிறந்தநாள் கேக்கை எடுக்க அது நன்றாக இருக்கலாம். பொருள் விற்கிறவர்கள் வாங்கிய அன்றைக்கே செட்டிங்ஸில் போய் அதை அணைத்துவிட வேண்டும்.

அணைத்ததும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதிக்கு மூன்று வாரம் ஆனது, அந்த மூன்று வாரத்தில் கற்றதுதான் இந்த போனில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம்.

முதலில் வெளிச்சம். எங்கள் சந்தில் எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். வெயில் தரையைத் தொடுவது பகல் பதினொன்றே முக்காலிலிருந்து பன்னிரண்டரை வரைதான். அப்பா தோல் வாங்கி வந்தால் அந்த நேரத்தில்தான் வாசலில் விரித்துப் பார்ப்பார், டியூப் லைட்டில் பார்த்து ஒருநாளும் தோல் எடுக்க மாட்டார். நான் அதே டியூப் லைட்டின் கீழ் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். பல்புகளுக்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் அளவு உண்டு. வெயிலில் தெரிவதுபோல நிறத்தைக் காட்டினால் 100. வீட்டில் மாட்டும் சாதாரண எல்.இ.டி. பெரும்பாலும் 80 பக்கம் இருக்கும், அதிலும் சிவப்பு சரியாக விழாது. பழுப்பு நிறத்துக்கு உயிரே அதற்குள் இருக்கும் சிவப்புதானே. அது போனால் தோல் பச்சை ஓடிய மாதிரி, செத்த மாதிரி தெரிகிறது. சயானில் ரயில் ஏறி மஸ்ஜித்தில் இறங்கி, மின்சாமான் கடைகள் இருக்கும் லோஹார் சாலில் கடை கடையாகக் கேட்டேன். முதல் மூன்று கடையில் வாட்ஸ் எவ்வளவு என்று மட்டும்தான் கேட்டார்கள். நான்காவது கடைப் பெரியவர் சி.ஆர்.ஐ. 90 என்றதும் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தார், ஒன்று 340 ரூபாய். இரண்டு வாங்கினேன். வரும் வழியில் அப்துல் ரஹ்மான் ஸ்ட்ரீட்டில் வெள்ளைச் சார்ட் பேப்பர் பத்து. மொத்தச் செலவு 800-க்குள் முடிந்துவிட்டது. அதே 800-ஐ போன் விலையில் சேர்த்து ஒரு படி மேலே வாங்கியிருந்தால் இந்த வித்தியாசம் வந்திருக்காது.

அடுத்தது புரோ மோட், கேமராவின் அளவுகளை நாமே வைத்துக்கொள்ளும் வசதி. மலிவு போன்களிலும் இப்போது இது இருக்கிறது, பலர் திறந்தே பார்ப்பதில்லை. அதில் டபிள்யூ.பி. என்று ஒன்று இருக்கும், வெள்ளை எது என்று போனுக்கு நாமே சொல்லும் இடம். தானாக விட்டால் படத்துக்குப் படம் மாற்றிக்கொண்டே இருக்கும், ஒரே பை முன்பக்கம் ஒரு நிறம், பின்பக்கம் ஒரு நிறம். சார்ட் பேப்பரை வைத்து, அது திரையிலும் வெள்ளையாகத் தெரியும்வரை எண்ணை நகர்த்தினேன். என் விளக்குகளுக்கு 5200-இல் நின்றது. வெளிச்சத்துக்கு கேமரா எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும் என்ற ஐ.எஸ்.ஓ. அளவு 100. போனை ஸ்டாண்டில் பூட்டி, கை படாமல் 2 விநாடி டைமர். டியூப் லைட்டை அணைத்துவிட வேண்டும், இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் எந்த எண் வைத்தாலும் ஒரு பக்கம் கெடும்.

இவ்வளவு செய்தும் அப்பா தலையாட்டினார். இன்னும் மஞ்சள் அடிக்கிறது என்றார். படம் சரியாகத்தான் இருந்தது, திரைதான் ஏமாற்றியிருக்கிறது. டிஸ்ப்ளே செட்டிங்கில் விவிட் என்று வைத்துத்தான் கம்பெனி அனுப்புகிறது, கடையில் வரிசையாக வைக்கும்போது பக்கத்து போனைவிட பளிச்சென்று தெரிய வேண்டும் அல்லவா. அதை நேச்சுரல் என்று மாற்றினேன். ராத்திரியில் கண் கூசாமல் இருக்க மஞ்சளாக்கும் வசதியையும் அணைத்தேன். பிறகு பையிலிருந்து மிஞ்சிய ஒரு துண்டுத் தோலை எடுத்து அப்பா திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "இப்ப செரி" என்றார்.

அந்தத் துண்டை இன்னும் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நிறத்துக்கும் அப்படி ஒரு துண்டு, பின்னால் பேனாவால் எழுதி, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில். புதுப் போட்டோ எடுத்தால் துண்டோடு ஒப்பிடாமல் போடுவதில்லை.

வாங்குகிறவரின் போன் திரை எப்படி இருக்கும் என்பது நம் கையில் இல்லை. அதனால் நிறத்துக்குப் பெயர் வைத்தேன். டான், காக்னாக் என்று எழுதினால் அவரவர் மனதில் ஒரு நிறம் ஓடும். கருப்பட்டி என்று எழுதினால் தமிழ் வாடிக்கையாளருக்கு ஒரே நிறம்தான். பழம்புளி, இஞ்சி டீ, பேரீச்சை. மும்பையில் மராத்தி, இந்தி பேசுகிறவர்களுக்கு கட்டிங் சாய் என்றால் போதும், அதற்கு மேல் கேள்வியே வராது. அதோடு ஒரு வரி: ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் வெயில்பட்டு, கைபட்டு, மாதங்களில் கருக்கும், அது அதன் இயல்பு. ஈ.ஐ. லெதர் என்று புவிசார் குறியீடு வாங்கிய தமிழ்நாட்டுத் தோல் இந்த வகைதான். அப்பா இதை யாருக்கும் சொல்லத் தேவைப்பட்டதே இல்லை, எதிரில் நிற்கிறவருக்குத் தோலைக் கையில் கொடுத்துவிடுவார். போனில் விற்கும்போது அந்தக் கை நாம் எழுதும் இரண்டு வரிதான். இதற்குப் பிறகு கடந்த ஒரு வருடத்தில் நிறத்துக்காகத் திரும்பி வந்தவை இரண்டே இரண்டு.

50 மெகாபிக்சலைப் பற்றி ஒரு வார்த்தை. கடைக்காரர் அதைத்தான் மூன்று தடவை சொன்னார். சாதாரணமாக எடுக்கும் படம் 12 மெகாபிக்சல் சொச்சம்தான் வரும். நான்கு நான்கு புள்ளியைச் சேர்த்து ஒன்றாக்கித் தருகிறது, வெளிச்சம் குறைந்த இடத்தில் அதுவே நல்லது. தையலை நெருக்கமாகக் காட்ட மட்டும் முழு 50-ஐப் போட்டு எடுத்து, பிறகு வெட்டிக்கொள்கிறேன். மேக்ரோ என்று தனியாக ஒரு 2 மெகாபிக்சல் லென்ஸ் இருக்கிறது. 15 மாதத்தில் அதில் எடுத்த ஒரு படத்தைக்கூட நான் பயன்படுத்தவில்லை. அது எண்ணிக்கைக்காக வைத்தது, அதற்காக ஒரு ரூபாய் அதிகம் கொடுக்காதீர்கள். இன்னொன்று, பையை மிக அருகில் வைத்து எடுக்கக்கூடாது. அடிப்பக்கம் வீங்கின மாதிரி வரும், அப்பா அளவெடுத்து வெட்டிய நேர்கோடு வளைந்து தெரியும். நான்கு அடி தள்ளி நின்று 2 எக்ஸ் ஜூம் வைத்து எடுத்தால் நேராக வருகிறது.

பேட்டரியில் எனக்குக் குறையே இல்லை. காலை ஏழு மணிக்கு எடுத்தால் ராத்திரி பதினொன்று வரை வருகிறது, நடுவில் நான்கைந்து வீடியோ கால் பேசியும். வீடியோ காலில் பையைத் திறந்து உள்ளே லைனிங்கைக் காட்டச் சொல்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் வாங்கிவிடுவார்கள், அதனால் அந்த அழைப்பை நான் தவிர்ப்பதே இல்லை. சத்தமும் நன்றாக இருக்கிறது. கீழே மிஷின் ஓடும்போதும் பணம் வந்த அறிவிப்பு மாளா வரை கேட்கும். எதிர்ப்பக்கம் பேசுகிறவருக்கு மிஷின் சத்தம் கொஞ்சம் கேட்கிறதாம், சகிக்கக்கூடிய அளவுதான் என்கிறார்கள்.

ஸ்டோரேஜில்தான் நான் தப்புச் செய்தேன். 128 ஜிபி போதும் என்று நினைத்தேன், 256-க்கு 1,500 ரூபாய் அதிகம். போனின் சொந்தச் சரக்கே இருபது ஜிபிக்கு மேல் பிடித்துக்கொள்கிறது. ஒரு நிமிட வீடியோ நூறு எம்.பி.க்கு மேல். ஒவ்வொரு வாடிக்கையாளரும் இந்த மாதிரி வேண்டும், அந்த மாதிரி வேண்டும் என்று படம் அனுப்புவார்கள், அது எல்லாம் வாட்ஸ்அப்பில் தானாக இறங்கி உட்கார்ந்துகொள்ளும். எட்டாவது மாதம் போன் தடுமாற ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்டர் பேசிக்கொண்டிருக்கும்போது கேமரா திறக்கவே இல்லை, இடம் இல்லை என்று வந்தது. அந்த ஆர்டர் போய்விட்டது. மெமரி கார்டு போட்டுப் பழைய படங்களைத் தள்ளி, தானாக இறங்குவதை நிறுத்தி, இப்போது ஓடுகிறது. நீங்கள் கடைக்காக வாங்குவதாக இருந்தால் கேமராவில் மிச்சம் பிடித்தாவது 256 ஜிபி வாங்குங்கள்.

விரல் ரேகை வைத்துத் திறக்கும் பொத்தான் பக்கவாட்டில் இருக்கிறது. எனக்கு வேலை செய்கிறது, அப்பாவுக்கு ஒருநாளும் செய்ததில்லை. நாற்பது வருடம் மெழுகு நூலை இழுத்து இழுத்து அவர் விரலில் ரேகையே தேய்ந்துவிட்டது. ரேஷன் கடையில் ஆதாருக்கு விரல் வைக்கும்போதும் இதே கதை. எனக்கும் தோல் ஒட்டும் பசையான லப்பர் சொல்யூசன் கையில் ஒட்டியிருந்தால் எடுக்காது. கைவேலை செய்கிற வீட்டில் போன் வாங்குகிறவர்கள் இதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு இலக்க பின் நம்பரே அப்பாவுக்குப் பழகிவிட்டது, என் பிறந்த வருடத்தை வைத்திருக்கிறார். அதை மாற்றச் சொன்னால் கோபம் வருகிறது.

5ஜி என்று போட்டிருந்தாலும் எங்கள் சந்துக்குள் அது வருவது இல்லை. வீடுகள் நெருக்கம், மேலே தகரம். அழைப்பே பாதியில் அறுந்துபோகும். இதற்கு வைஃபை காலிங், அதாவது வைஃபை வழியாகவே அழைப்பு பேசும் வசதி, இருக்கிறதா என்று பாருங்கள், இது பெட்டியில் பெரிதாக எழுதியிருக்காது. இந்த போனில் இருக்கிறது, பிராட்பேண்ட் எடுத்த பிறகு அழைப்பு அறுவதே இல்லை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழையில் வேறு ஒரு தொல்லை, சார்ஜ் போடும் ஓட்டையில் ஈரம் என்று சொல்லி சார்ஜ் ஏறாது. ஹேர் டிரையரெல்லாம் வைக்க வேண்டாம். ஃபேனுக்குக் கீழே அரை மணி நேரம் வைத்தால் போதும். மழைக்காலத்தில் தோலுக்கே பூஞ்சை பிடிக்கிற ஊர் இது, அப்பா வாரம் ஒருமுறை எல்லாத் தோலையும் பிரித்து உதறி வைப்பார். போனை அந்த அலமாரியிலேயே சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ராத்திரி வைக்கிறேன்.

சர்வீஸ் சென்டர் அனுபவம் மட்டும் கசப்பு. பதினோராவது மாதம், வாரண்டி இருக்கும்போதே, மைக் ஒருபக்கம் வேலை செய்யவில்லை. ஈரம் பட்டிருக்கிறது, வாரண்டியில் வராது, 2,800 ரூபாய் ஆகும் என்று திறந்து பார்க்காமலேயே சொன்னார்கள். நான் எழுத்தில் கேட்டேன். தரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிவு செய்தேன், எண் கொடுத்தார்கள். ஒன்பது நாளில் சர்வீஸ் சென்டரிலிருந்தே அழைத்து இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். பில்லைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் இது நடந்தது. கடைக்காரர் பில் இல்லாமல் 300 ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்று முதலில் சொன்னார் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

பழைய போன் வாங்கிச் சமாளிக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வாங்கலாம், ஆனால் *#06# போட்டு வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), முன்னால் கே.ஒய்.எம். என்ற மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் போட்டு, இடைவெளி விட்டு, 14422-க்கு எஸ்.எம்.எஸ். செய்து பாருங்கள். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டதா என்பது தெரிந்துவிடும். கடையின் எல்லா வாடிக்கையாளரும் அந்த ஒரு போனில் இருக்கும்போது அது ஒருநாள் முடங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு அப்டேட் இன்னும் எத்தனை வருடம் வரும் என்றும் கேளுங்கள். பணம் வந்துபோகிற போன் இது.

கடை ஓடுவது வாட்ஸ்அப் பிசினஸில். இலவசம்தான், 2018-இல் வந்தது, நான் ஆறு வருடம் தாமதமாகத் தெரிந்துகொண்டேன். கேட்டலாக்கில் 500 பொருள் வரை வைக்கலாம். எனக்கு 34 பைகளும் 12 பர்ஸ்களும்தான். அடிக்கடி கேட்கும் கேள்விக்குப் பதிலைச் சேமித்து வைத்து ஒரு சாய்கோடு (/) தட்டினால் வந்துவிடும்: தோல் எது, எத்தனை நாளில் வரும், உள்ளே லேப்டாப் போகுமா. புது ஆர்டர், பணம் வந்தது, அனுப்பியாச்சு என்று லேபிள் போட்டு வைத்தால் நோட்டுப் புத்தகமே தேவையில்லை. படம் அனுப்பும்போது எச்.டி. என்பதைத் தட்டாமல் அனுப்பினால் நிறத்துக்குப் பட்ட பாடு வீண், தையல் மங்கிவிடும்.

பணம் யு.பி.ஐ.யில் முன்கூட்டியே. வீட்டில் வாங்கிக்கொண்டு பணம் தருகிறேன் என்பதை முதல் இரண்டு மாதத்தோடு நிறுத்திவிட்டேன், வாங்காமல் திருப்பிவிட்டால் போக வர இரண்டு செலவும் நம் தலையில். ஒருவர் 1,850 ரூபாய் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார், தேதி, நேரம், என் பெயர் எல்லாம் சரியாக இருந்தது. பேங்க் கணக்கில் மட்டும் பணம் இல்லை. ஸ்கிரீன்ஷாட்டை நம்பி எதையும் கட்டாதீர்கள், கணக்கைப் பாருங்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள்.

பார்சல் விஷயத்தில் ஒரு தனியார் கூரியரோடு நான்கு மாதம் போராடினேன். வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வார்கள் என்று பணம் கட்டினேன். தாராவி என்றதும் பையன் மெயின் ரோட்டிலேயே நின்று, வீட்டில் ஆள் இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவான். நான் வாசலில் பார்சலோடு உட்கார்ந்திருப்பேன். இப்போது எல்லாம் ஸ்பீட் போஸ்ட். தாராவி தபால் நிலையம் நடக்கிற தூரம். ரசீதில் 13 எழுத்து எண், கடைசியில் ஐ.என். அதைப் படமெடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட வேண்டும், ஏனென்றால் அந்த வெப்பத்தாள் ரசீது இரண்டு மாதத்தில் வெளுத்துவிடும். கோவைக்கும் கொல்கத்தாவுக்கும் போன பைகளில் இதுவரை ஒன்றுகூடத் தொலையவில்லை. கவுண்டரில் இருக்கும் மராத்தி அம்மா என் பார்சலின் கட்டைப் பார்த்தே, இன்று எத்தனை என்று கேட்பார்.

காகித வேலை சுருக்கமாக. மாநிலம் தாண்டிப் பொருள் அனுப்ப ஆரம்பிக்கும்போதே ஜி.எஸ்.டி. பதிவைப் பற்றி ஒரு கணக்காளரைக் கேட்டுவிடுங்கள். மாநிலத்துக்குள் விற்கும் வரம்பு வேறு, வெளியே விற்பது வேறு. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு அரசுக்குக் கட்டணமே கிடையாது, ஆதாரும் பான் கார்டும் இருந்தால் போனிலேயே முடித்துவிடலாம். இது தெரியாமல் ஓர் ஏஜெண்டிடம் 1,500 ரூபாய் கொடுத்தேன்.

தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்காக எங்கள் வீட்டுக் கதவில் சர்வே எண் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கே வீடு கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்று தெருவில் எல்லோரும் பேசுகிறார்கள். லிங்க் ரோட்டில் கடை வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலை இன்னும் பெரிது. எங்கள் வாடிக்கையாளர்கள் 412 பேரும் இந்த போனில் இருக்கிறார்கள், அப்பாவின் மிஷினையும் பிஸ்கட் டப்பாவையும் தூக்கிக்கொண்டால் போகிற இடத்தில் மறுநாள் கடை திறந்துவிடும். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் பேக்கப் எடுக்கிறேன், அதை மட்டும் தள்ளிப்போடுவதில்லை.

இப்போது ஒரு பைக்கு எல்லாச் செலவும் போக அப்பாவுக்கு நிற்பது 700-லிருந்து 900. காண்ட்ராக்டர் வேலையை அவர் முழுதாக விடவில்லை, பாதி விட்டிருக்கிறார். பையின் உட்பக்கம், ஜிப்புக்குக் கீழே, அவர் பெயரின் முதல் எழுத்தைத் தமிழில் அச்சு வைக்கிறோம். அந்த எழுத்தை நெருக்கமாகக் காட்டும் படம்தான் கேட்டலாக்கில் எல்லோரும் பெரிதாக்கிப் பார்ப்பது.

போன வாரம் தூத்துக்குடியிலிருந்து நாத்தனார் கூப்பிட்டாள். வீட்டிலிருந்தே சேலை விற்கப் போகிறாளாம், என்ன போன் வாங்கலாம், 20,000 வரை வைத்திருக்கிறேன் என்றாள். 13,000, 14,000-க்கு வாங்கு, 256 ஜிபி, புரோ மோடும் வைஃபை காலிங்கும் இருக்கிறதா பார், பில் வாங்கு என்றேன். மீதிப் பணத்தில் சேலை எடு. அரக்குச் சிவப்பும் ராணி பிங்க்கும் பழுப்பைவிடக் கஷ்டம், மலிவு கேமராவில் சிவப்பு தீயாக எரிந்து நூலே தெரியாது, வெளிச்ச அளவை ஒரு படி குறைத்து எடுக்க வேண்டும். அங்கே சி.ஆர்.ஐ. 90 பல்பு கேட்டால் கடையில் முழிக்கிறார்களாம். நேற்று மஸ்ஜித் போய் அதே பெரியவரிடம் இரண்டு வாங்கி, சார்ட் பேப்பரில் சுற்றி, ஸ்பீட் போஸ்டில் போட்டுவிட்டேன்.